வேர் பிடிக்காத பாத்தி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நூபியா பூங்கா வாசலில் வந்து நின்றபோது மலையிலிருந்து பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. நினைவுத் தோட்டத்தைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்று மாதா கோயில் பலகையில் ஒட்டியிருந்தார்கள். கூலி கிடையாது, நடுவில் ஒரு குவளை வெல்லத் தண்ணீரும் அரேப்பா என்கிற சோள ரொட்டி ஒன்றும் உண்டு. ஒன்பது வருடமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், ஏன் வந்தோம் என்று தெரியாமலே வந்திருந்தாள்.

பூங்கா இருந்த இடம் முன்பு அவளுடைய தெரு. ஓர் ஏப்ரல் மதியம் மலை சரிந்து நாற்பது வீடுகளை மூடியது. நூபியா அப்போது பேக்கரியில் வேலையாக இருந்தாள். ஏழு வயது மகள் யூரானி வீட்டில் படுத்திருந்தாள். நான்கு நாள் தோண்டினார்கள். இன்னும் சரியக்கூடும், இத்துடன் நிறுத்திவிடலாம் என்று உறவினர்களிடம் கையெழுத்துக் கேட்டார்கள். கீழே யாரோ தட்டுகிறார்கள் என்று நூபியா சொன்னாள். உடைந்த குழாயில் தண்ணீர் அடிக்கும் சத்தம் அது என்றார்கள். கண்மூடாத நான்கு நாட்களுக்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் நம்பலாம் போலிருந்தது.

கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அந்த இடத்தில், உடல் கிடைக்காத ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி. பொறுப்பாளர் தோன் எவேலியோ. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி மார்லேனியை இங்கே பறிகொடுத்தவர். நூபியாவிடம் சின்னக் களைக்கொத்தைக் கொடுத்து, ஒரு சாணுக்கு மேல் தோண்ட வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அடியில் குழாய் போகிறது என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

யூரானியின் பாத்தியில் எந்தச் செடியும் வேர் பிடிக்கவில்லை. மூன்று வாரம், மூன்று பெகோனியா. மூன்றாவதைப் பிடுங்கியபோது வேர்கள் எல்லாம் ஒரே நீளத்தில் கிள்ளப்பட்டிருந்தன. குழிக்குள் கையை விட்டாள். அந்தக் குளிரிலும் அடிமண் கதகதப்பாக இருந்தது.

அப்போது கேட்டது.

மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

எவேலியோ எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"பதில் தட்டிடாதீங்க," என்றார் அடங்கிய குரலில்.

"உங்களுக்கும் கேக்குதா?"

"இங்க இல்ல. அந்த மூலையில, மார்லேனி பாத்தியில. நான் பதில் தட்டினேன். தட்டினா அடங்கிடும்னு நெனச்சேன்."

"அடங்கலையா?"

"கிட்ட வந்துச்சு."

பிறகு மனைவியின் பாத்திமேல் இரண்டு வண்டி கல்லைக் கொண்டுவந்து கொட்டியதாகச் சொன்னார். வாராவாரம் அவர் வருவது அன்பினால் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. கற்கள் நகர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை நூபியா களைக்கொத்தின் பிடியால் மண்ணைத் தட்டினாள்.

பதில் உடனே வந்தது.

அதற்கடுத்த வாரம் உள்ளங்கையை வைத்தபோது, அந்தத் தட்டல் நேராகக் கையில் அதிர்ந்தது.

ஜூன் மாதம் மழைநீர்க் கால்வாய் வெட்ட நகராட்சி மண்வாரி எந்திரத்தை அனுப்பியது. யூரானியின் பாத்தியைத் தோண்டிக் கொடுக்கும்படி ஓட்டுநர் ஃபாவியோவின் காலில் விழாத குறையாக அவள் கெஞ்சினாள். அவன் கடைசியில் இரங்கி, அரை மணி நேரம்தான் என்றான். எவேலியோ குறுக்கே வந்து நின்றார்.

"வேணாம்மா. விட்டுடுங்க."

"ஒரு தடவ விட்டுட்டேன், தோன் எவேலியோ."

ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தோண்டியதும் அவள் வீட்டின் பச்சைத் தளக்கற்கள் தெரிந்தன. ஃபாவியோ ஏணி வைத்து இறங்கினான். யூரானியின் இரும்புக் கட்டில் இருந்தது. மெத்தை இருந்தது. எலும்பு இல்லை, ஒரு முடிகூட இல்லை. கட்டில் சட்டத்தில் மட்டும் ஓரிடத்தில் வண்ணம் தேய்ந்து, துருவில்லாமல் பளபளவென்று இருந்தது.

நூபியா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை.

ஃபாவியோ மேலே ஏறி வந்து கையைத் துடைத்தபடி அவளைக் கடிந்துகொண்டான்.

"கொழந்தைய இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் கூட்டிட்டு வரலாமாம்மா? பள்ளத்துல வேற எறக்கிவிட்டிருக்கீங்க."

"எந்தக் கொழந்த?"

"இப்ப எனக்கு முன்னாடி ஏறிச்சே, அதுதான்."



எவேலியோ தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு தோட்டத்துக்கு வரவுமில்லை.

பள்ளத்தை மூடினார்கள். அந்தப் பாத்தியில் தட்டும் சத்தம் நின்றுபோனது.

அன்று சாயங்காலம் நூபியா தான் இப்போது குடியிருக்கும் வீட்டின் கதவைத் திறந்து உள்ளே போனாள். அறை மூலையிலிருந்து ஒரு சத்தம். சின்ன நெஞ்சு ஒன்று காற்றுக்காக இழுத்து இழுத்துத் தவிப்பதுபோல. அவள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். சத்தம் குறையவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்தாள்.

ஒரு வாரத்தில் கதவைக் கழற்றினாள். அடுத்த வாரம் ஜன்னல் சட்டங்களை. அடைமழையில் ஏன் இப்படிச் செய்கிறாய் என்று எதிர்வீட்டு ஓஃபெலியா கேட்டபோது, "அவளுக்கு மூச்சு முட்டுது" என்று மட்டும் சொன்னாள். ஓஃபெலியா வீட்டுக்குள் போய்விட்டாள். ராத்திரி பகலாக அவளுக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஓடுகளையும் பிரித்தாயிற்று. நான்கு சுவர், மேலே வெறும் வானம். மலைக்காற்று உள்ளே புகுந்து சுழன்றடிக்கிறது.

அதன் நடுவே அந்த மூச்சு இன்னும் காற்றுக் கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறது.