இரவல் குரல்

அன்று அந்த ராயபுரத்து வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர்.

கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, மாப்பிள்ளை தௌசீஃப். அவனுக்கு வலப்பக்கம் அவனுடைய மாமா அத்தாவுல்லா. எதிர் நாற்காலியில் பெண்ணைப் பெற்ற அத்தா கமால். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு உள்பக்கம், பாயில், பெண் ரூஹி. அவளை ஒட்டி, முழங்கால் இடிக்கும்படி, தங்கை ஃபரா. மாப்பிள்ளையின் தாயாரை, "வாங்கம்மா, பிரியாணி தம்மு பதமா வந்துகீதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்று பெண்ணின் அம்மா ரஹீமுன்னிசா சமையலறைக்கு அழைத்துப் போய் அங்கேயே உட்காரவைத்துவிட்டாள்.

யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்தவளும் அவள்தான். தாய்க்கு ஒரு பயம் இருந்தது. ரூஹிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தரகர் சொல்லியிருந்ததோ, "கொஞ்சம் காது மந்தம்... பேச்சு சுத்தமா வரும்" என்று.

சுத்தமாக வராது. தன் குரலைத் தானே கேட்காத ஒருத்திக்கு எப்படி வரும்? கண்ணாடி முன்னால் நிறுத்தி, டீச்சரின் தொண்டையில் விரலை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, ஏழு வருஷம் பழக்கினார்கள். வார்த்தைகள் வந்தன. ஆனால் 'ச' வெறும் காற்றாகப் போய்விடும். குரல் சில நேரம் மூக்கில் ஏறும், சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் உயரும். உயர்ந்தது அவளுக்குத் தெரியாது. எதிரே இருப்பவரின் புருவம் சுருங்கும்போதுதான் தெரியும். அந்தச் சுருங்கிய புருவத்தோடே இரண்டு வரன்கள் எழுந்து போயிருந்தார்கள். அதற்குப் பிறகு ரூஹி வெளியாட்கள் முன்னால் வாயைத் திறப்பதில்லை.

கைகளைத் திறந்தால் மட்டும் அவளை நிறுத்த முடியாது! ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாத தோழிகளோடு உட்கார்ந்துவிட்டால், சைகையிலேயே ஆபீஸ் மேனேஜர் நடந்து வருவார், தும்முவார், திட்டுவார்... தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "நாலு பேர் முன்னாடி கைய ஆட்டாத" என்பதுதான் அம்மா அவளுக்குச் சொன்ன முதல் புத்திமதி.

கூடத்திலிருந்து தௌசீஃப் கேட்டான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ங்க. எண்ணூர் ஹார்பர்ல கிரேன் ஓட்டுறேன். ஷிஃப்டு வேல. நேரங்கெட்ட நேரத்துக்குத்தான் வூட்டுக்கு வருவேன். உங்களுக்கு ஓகேவா?"

திரைக்குப் பின்னாலிருந்து தேனாக ஒரு குரல் வந்தது. "வாங்க... ஆனா சோறு ஆறிக் கெடக்கும். உங்களுக்கு ஓகேவா?"

கூடம் சிரித்தது. பேசியவள் ஃபரா.

என்ன சொன்னாய் என்று ரூஹி கண்ணால் கேட்டாள். ஃபரா மடிக்குள் கைகளை மறைத்து, சைகையில் சொன்னாள். தான் அடித்த நகைச்சுவையை ரூஹி இப்படித்தான் தெரிந்துகொண்டாள்... எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

கிளம்பும் முன் திரையை ஒரு நிமிடம் விலக்கினார்கள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்கும்போது சின்னதாகிவிடும் கண்கள். ரூஹி சட்டென்று தலையைக் குனிந்தாள். அடடா... ஏன் இவன் நல்லவனாக இருந்து தொலைக்கிறான்?

எட்டாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்த ரூஹி டோல்கேட் பஸ் நிறுத்தத்தின் கூரைக்குள் ஓடிப்போய் நின்றாள். துப்பட்டா நுனியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தால்... எதிரே, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தௌசீஃப்!

"நீங்களா? மாமா வூட்டுக்கு வந்தேன். மழ போட்டுத் தாக்குது பாத்தீங்களா!"

வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருந்தது. உதடு தெரியவில்லை. ரூஹி இரண்டடி நகர்ந்து, அவனுக்குப் பக்கத்தில் வந்து, பழக்கடை வெளிச்சம் அவன் முகத்தில் விழும்படி நின்றுகொண்டாள். பிறகு அவன் உதட்டையே இமைக்காமல் பார்த்தாள். அப்படிப் பார்த்தால்தான் அவன் பேசுவது அவளுக்குப் புரியும்.

அவன் வேறு விதமாகப் புரிந்துகொண்டான். காதுவரை சிவந்துபோனான். "இன்னாங்க... இப்படிப் பாக்குறீங்க? எனக்கே வெக்கமா கீது."

அவள் சிரித்துவிட்டாள். சத்தம் வராமல், கண்ணால் மட்டும்.

"என் வேல இன்னா தெரியுமா? மேல கூண்டுக்குள்ள நான். கீழ ஒருத்தன் கை காட்டுவான். இது, தூக்கு. இது, மெதுவா எறக்கு. இது, நிறுத்து." ஒவ்வொன்றாகச் செய்து காட்டினான். "நாள் பூரா அவன் கைதான். ஒரு மனுஷக் குரல் கெடையாது."

மழைத்துளிகள் தெறிக்கும் அவனது பெரிய கைகளை அவள் பார்த்தாள். அவளுடைய கைகள் துப்பட்டாவுக்குள் துடித்தன. பதில் விரல் நுனிவரை வந்துவிட்டது! 'உன் "மெதுவா"வுக்கு என்னிடம் ஏழு விதம் இருக்கிறது, வா, சொல்லித் தருகிறேன்...' அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. விரல்களை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டாள்.

"அதான் உங்க வாய்ஸ் மெசேஜு வந்தா... கூண்டுலயே ஒக்காந்து நாலு தபா கேப்பேன். உங்க குரல் கேட்டாத்தான் எனக்கு நாளு முடிஞ்ச மாதிரி."

வாய்ஸ் மெசேஜா? அப்படி ஒன்று போய்க்கொண்டிருப்பது ரூஹிக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

"ஒரு தபா என் பேரைச் சொல்லுங்களேன். நேர்ல."

தௌசீஃப்... நடுவில் அந்த 'சீ'. கடைசியில் அந்த 'ஃப்'. இரண்டும் அவளிடம் வராத ஒலிகள். வாயைத் திறந்தாள்... மூடினாள். எந்த பஸ் என்று பார்க்காமலே வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். கம்பி ஜன்னல் வழியே, அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. கூச்சக்காரி என்று நினைத்துவிட்டான்... அவள் அழுததை மழை காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபராவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். கைகள் கத்தின. *என் பேரில் என்ன பேசுகிறாய்?*

ஃபரா உடைந்துவிட்டாள். "அம்மாதான்க்கா, அம்மா போன்ல... நான் வேணாம்னு சொன்னேன்க்கா..." என்று வாயும் கையும் சேர்ந்து தடுமாறின.

ரஹீமுன்னிசா நடுவில் வந்தாள். "ஆமாடி, நான்தான் பேசச் சொன்னேன். நிக்காஹ் ஆவுற வரைக்கும்தான். அதுக்கப்புறம் மாப்ள தங்கமா வச்சிக்குவாரு."

*நிக்காஹ் அன்னிக்கு?* ரூஹியின் கை கேட்டது. *பொண்ணு சார்பா நிக்கிற வக்கீலும் ரெண்டு சாட்சியும் உள்ளே வந்து சம்மதம் கேட்பாங்களே?*

ஃபராதான் தலையைக் குனிந்துகொண்டு, வாயும் கையுமாகச் சொன்னாள். "முக்காடு போட்டுக்கினு நான் உன் பக்கத்துல ஒக்காருவேனாம். நான் சொல்லிருவேனாம்... சம்மதம்னு. பள்ளிவாசல் ஹஜ்ரத்து கிட்ட சொன்னா, சைகையே போதும்னு சொல்லுவாருக்கா. நான் சொல்லிட்டேன். அம்மா கேக்கல."

"அப்ப மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சிப்பூடும்ல!" என்றாள் ரஹீமுன்னிசா.

ரூஹியின் மார்புக்குள்ளிருந்து ஏதோ கிளம்பித் தொண்டையில் அதிர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வாயால் பேசினாள். "என் சம்மதம்... நான் சொல்றேன்!" அது எப்படி ஒலித்தது என்று அவளுக்குத் தெரியாது. எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பியதை மட்டும் பார்த்தாள்.

ரஹீமுன்னிசா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு பேர் எழுந்து போனப்ப உன் மூஞ்சியப் பாத்தவடி நான்... மூணாவது தபா எப்புடிப் பாப்பேன்?"

ரூஹி தாயின் மடியில் தலை வைத்து அழுதாள். கோபம் இல்லை. ஆனால் முடிவும் மாறவில்லை. அவனை இழந்துவிடலாம். இன்னொருத்தியின் வாயால் அவனுக்கு மனைவியாக முடியாது.

தரகர் கொடுத்த தாளில் தௌசீஃபின் அத்திப்பட்டு முகவரி இருந்தது. மறுநாள் காலை, தேதியிட்டு, ஓரம் விட்டு, நிதானமாக எழுதினாள்.

'அன்புள்ள தௌசீஃப் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட குரல் என்னுடையது அல்ல. என் தங்கை ஃபராவுடையது. எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. டோல்கேட்டில் நான் கூச்சத்தால் ஓடவில்லை. உங்கள் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு வராது என்பதால் ஓடினேன்.

என் பேச்சு கேட்க நன்றாக இருக்காது என்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. கைகளால் நான் நன்றாகப் பேசுவேன். கிண்டல், கோபம், இறைவனிடம் கேட்கும் துஆ எல்லாம் எனக்கு அதில்தான் முழுதாக வரும்.

அந்தக் குரலைத்தான் நீங்கள் விரும்பினீர்கள் என்றால், அது உங்கள் தவறில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று என் அத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் என் கடிதத்தைக் காட்டுங்கள்.

வருவதாக இருந்தால், வந்து என் குரலைக் கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதீர்கள். முகம் திரும்பிவிட்டால் நீங்கள் பேசுவது எனக்கு இல்லாமல் போய்விடும்.

எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. பிடிக்காமல் இருந்திருந்தால் எதையும் எழுதாமல் தலையாட்டியிருப்பேன்.

ரூஹி.'

தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. மேஜை மேல் இருந்த பசையைத் தடவி, உறையின் வாயை மடித்து, பெருவிரலால் ஓரம் முழுவதும் அழுத்தினாள். இனி திருத்த முடியாது...

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கணினியைப் பார்த்தபடியே ஏதோ கேட்டாள். ரூஹி காத்திருந்தாள். அந்த அம்மாள் நிமிர்ந்தாள். உதடு தெரிந்தது. "அனுப்புறவங்க பேரு?"

உறையின் பின்பக்கம் எழுதியிருந்தது. காட்டினால் போதும்.

ரூஹி வாயைத் திறந்து சொன்னாள். "ரூஹி."

புருவம் சுருங்குகிறதா என்று பார்த்தாள். லேசாகச் சுருங்கியது. பிறகு அந்த அம்மாள் தட்டச்சு செய்து, ரசீதை நீட்டி, உறையின் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். பலகையில் ஊன்றியிருந்த உள்ளங்கையில் ரூஹிக்கு அந்த அதிர்வு தெரிந்தது. கடிதம் கோணிப்பைக்குள் விழுந்தது.