தட்டுக்குள் ஒரு தாலி

தொலைபேசி விடாமல் அடித்தது.

எடுக்க வேண்டியவர் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. இரத்தம் உறைந்து கறுத்திருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் இஸ்ஸதீன் கைக்குட்டையைச் சுற்றி ரிசீவரைத் தூக்கினார்.

"நாகேந்திரம் அண்ணையோ? எங்கட கலியாண சீடி முடிஞ்சுதோ? இவர் நாளைக்கு சுவிசுக்குத் திரும்பிப் போறார். கையோட குடுத்து விடோணும்."

"சீடி முடியல்ல மகள். அண்ணைதான் மவுத்தாகிட்டாரு."

"ஆர் கதைக்கிறது?"

"பொலீஸ்."

மறுமுனை அறுந்தது. போர் மூண்டிருந்த 2006ஆம் ஆண்டின் கொழும்பு வெள்ளவத்தையில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் பேச்சை நீட்டுவதில்லை.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை. முன்னால் வீடியோக் கடை. பின்னால் எடிட்டிங் அறை. கடலோரம் ரயில் போகும்போதெல்லாம் அறையின் கண்ணாடி அதிர்ந்தது.

இஸ்ஸதீன் சுற்றிலும் பார்த்தார்.

நேற்று விஜயதசமி. சரஸ்வதி பூசைக்கு வைத்த சாமான்கள் எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. மொனிட்டரில் பொட்டு. கீபோர்ட்டில் பொட்டு. கமெராவில் பொட்டு. பிரிண்டரில்கூட.

மூலையில் சாய்ந்திருந்த கமெரா ஸ்டாண்டின் காலில் சந்தனத்துக்குப் பக்கத்தில் கருஞ்சிவப்பு.

குங்குமம் என்றுதான் முதலில் நினைத்தார்.

குனிந்து பார்த்தார்.

குங்குமம் இல்லை!

"சேர்..." கொன்ஸ்தாபிள் சுனில் வாசலிலிருந்து கூப்பிட்டான். "பக்கத்துக் கடை மனுசன் சொல்றது, பூசை நாள்ல இங்க பெரிய சண்டையாம். நாகேந்திரம் மாத்தயாவும் நோனாவும். ஒரு பொம்பிளைப் பிள்ளைக்காக."

நோனா என்று அவன் சொன்னது அருந்ததியை. நாகேந்திரத்தின் மனைவி. காலையில் கடைக்கு வந்து பிணத்தைக் கண்டு அலறியவள் அவள்தான். இப்போது அலறல் ஓய்ந்து, முன்கடையில் வாடிக்கையாளர் கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

எதிர்க் கதிரையில் மெற்றில்டா. கடையில் எடிட்டிங் செய்பவள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து, வழியில் செக்பொயிண்டில் இறங்கி ஏறி, இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். அழுது மூக்குச் சிவந்திருந்தது.

"நேத்து ராவு புருசன் வீட்டுக்கு வரல்லயே. தேடல்லயா?" இஸ்ஸதீன் அருந்ததியிடம் கேட்டார்.

"ஃபோன் எடுத்தனான். எடுக்கேல்லை. வேலை கூடினா இஞ்சயே படுக்கிறவர். இந்த நிலைமையிலை ராவிலை தனிய வெளிக்கிடேலுமே?"

"பூசையண்டு என்ன சண்டை?"

"புருசன் பெண்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

"இந்தப் பிள்ளையப் பத்தி எண்டு கேள்வி."

அருந்ததி மெற்றில்டாவை ஏறிட்டாள். அந்தப் பார்வை ஈரத்தையும் பற்றவைக்கும்.

"ஓம். இவளைப் பற்றித்தான். பூசைக்குச் சுண்டல் குடுக்கேக்கை எனக்கு முதல் இவளுக்குக் குடுத்தவர்."

"சுண்டலுக்கா சண்டை?"

"சுண்டல் எண்டா உங்களுக்குச் சின்ன விசயம் சேர். உங்கட மனிசியிட்டைக் கேட்டுப் பாருங்கோ."

இஸ்ஸதீன் சிரிக்கவில்லை. ஆனால் மீசை அசைந்தது.

"எரிச்சலா, அவவில?"

"எரிச்சல் இல்லாட்டி நான் என்னெண்டு பெண்சாதி?"

"அக்கா..." மெற்றில்டா மூக்கை உறிஞ்சினாள்.

"நீ பொத்து."

இஸ்ஸதீன் எடிட்டிங் அறைக்குத் திரும்பினார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொலை நடந்தபோது எரிந்த திரை இன்னும் எரிகிறது. 'சீடியைப் போடவும்' என்று ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தது.

ஆனால், உள்ளே ஏதோ சுழன்றது... கரகரத்தது... நின்றது. மறுபடி சுழன்றது.

சீடி உள்ளேதான் இருக்கிறது. ட்ரைவுக்குத்தான் கண் தெரியவில்லை.

பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகியது. தட்டு வெளியே வரவில்லை.

"செத்தவர் கடைசியாப் பாத்தது இதத்தான். இதுல என்ன ஈக்கி?"

வாசலில் நின்ற அருந்ததியின் முகம் சட்டென்று வெளுத்தது.

"அதை... அதைப் போடாதேங்கோ சேர்."

"ஏன்?"

"பூசையிலை வைச்ச சாமான்."

"பூசை முடிஞ்சிதானே."

  இரண்டு பெண்களும் முதல் தடவையாக ஒருவரையொருவர் எரிச்சல் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சுனில் இஸ்ஸதீனின் காதருகே வந்தான். "நோனா பயம் சேர். அதுக்குள்ள நோனாட கேஸ் இருக்கு."

அவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தட்டு வெளியே வந்தால் அருந்ததி உள்ளே போவாள்!

சிபியூ பெட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். 'சபா கம்ப்யூட்டர்ஸ், திருத்த வேலைகள்'. கீழே ஃபோன் நம்பர்.

இஸ்ஸதீன் அந்த நம்பரைச் சுழற்றினார்.

சபா உடனே வந்துவிட்டான். முழுப்பெயர் கனகசபாபதி. முப்பது வயது. சவரம் செய்யாத முகம். தோளில் கருவிப் பை. பிணத்தை எடுத்துப் போயிருந்தார்கள். கறை மட்டும் இருந்தது. அதைச் சுற்றி நடந்தான்.

"அநியாயம் சேர். நல்ல மனுசன்."

"கடைசியா எப்ப வந்தீங்க இங்க?"

"கனநாள். இந்த ட்ரைவைப் பூட்டிக் குடுத்ததோடை சரி."

"அந்தப் பிள்ளையத் தெரியுமா?"

சபா மெற்றில்டாவின் பக்கம் திரும்பவில்லை. "கண்டிருக்கிறன்."

"சரி. இதத் திருத்துங்க. உள்ளுக்கு ஈக்கிற சீடி ஓடணும்."

சபா உட்கார்ந்தான். கம்ப்யூட்டரை நிறுத்தினான். பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, ட்ரைவின் முகத்தில் இருந்த நுண்ணிய ஓட்டைக்குள் விட்டு அழுத்தினான். தட்டு விரல் அகலத்துக்கு நழுவியது. மெல்ல இழுத்தான்.

சீடி!

மேலே பேனாவால் ஒரே ஒரு எழுத்து. 'மெ'.

சுனில் மெற்றில்டாவைப் பார்த்து நாக்கைத் தட்டினான்.

சபா சீடியை எடுத்து வைத்தான். ட்ரைவைக் கழற்றினான். மூடியைத் திறந்தான். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, மிளகு அளவுக் கண்ணாடிக் கண்ணைத் துடைத்தான்.

பஞ்சில் மஞ்சள்.

"சந்தனம் சேர். பூசைக்குப் பூசினது உள்ளுக்கை போய்க் காஞ்சிட்டுது. லென்ஸ் மறைச்சுப் போச்சு."

"அப்ப அதுதான் நோயா?"

"அதுதான். வேறை ஒண்டுமில்லை."

"கெட்டிக்காரன்" என்றார் இஸ்ஸதீன்.

அப்படிச் சொல்லும்போது அவருடைய கண் சபாவின் கையில் இல்லை. ட்ரைவின் முகத்தில் இருந்தது.

பூட்டினான். சீடியை வைத்தான். தட்டு உள்ளே போனது. சுழன்றது. இந்தத் தடவை கரகரப்பு இல்லை...

திரையில் படம் வந்தது.

மணவறை. வாழைமரம். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை.

நாகேந்திரம்!

பக்கத்தில் சிவப்புக் கூறைச் சேலையில் பெண். குனிந்த தலை நிமிர்ந்தது.

மெற்றில்டா!

நாகேந்திரம் தாலியை எடுத்தார். அவளுடைய கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனார். முடிச்சுப் போட்டார்.



"இதுதான் சேர் கேஸ்," என்றான் சுனில். "புருசன் களவாக் கலியாணம் முடிச்சது. நோனா கண்டது. ஸ்டாண்டால அடிச்சது. ஜீப்ல ஏத்தவா?"

அருந்ததி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவரைத் தொடேல்லை சேர்."

"இந்தப் படத்த முன்னக் கண்டீங்களா?"

"...ஓம்."

"கண்டு கோவம் வரல்லயா?"

"வந்தது. மூண்டு நாள் அவரோடை கதைக்கேல்லை."

"போதும் சேர்," என்றான் சுனில். சபா கருவிகளைப் பைக்குள் போடத் தொடங்கியிருந்தான். அந்த முகத்தில் ஒரு அமைதி. வேலை முடிந்தவனின் அமைதி.

இஸ்ஸதீன் திரையை விட்டு நகரவில்லை.

"சுனில். நாகேந்திரத்துட தொழில் என்ன?"

"வீடியோ எடுக்கிறது சேர்."

"அவரு இந்தா, மாப்பிள்ளையா நிக்கிறாரு. அப்ப கமெராவுக்குப் பின்னால நிக்கிறது யாரு?"

சுனில் திரைக்குக் கிட்டக் குனிந்தான்.

"சத்தம் ஏன் வரல்ல?"

"ஸ்பீக்கர் வயர் கழண்டிருக்கு சேர்," என்றான் சபா. "படம் தெரியுதுதானே. சத்தம் எதுக்கு?"

"கலியாணத்துல மேளம் கேக்காட்டி எனக்கு ஒரு மாதிரி. பூட்டுங்க."

சபா வயரைச் செருகினான்.

மேளம் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் குரல்தான் கேட்டது. கமெராவுக்கு மிக அருகில்.

"கொஞ்சம் இஞ்சாலை திரும்புங்கோ. தாலி தெரியேல்லை... ஓம், காணும். போதும் எண்டிறன்! முடிச்சுத்தானே போடுறியள், அவளின்ரை கழுத்திலை என்ன சட்டையே தைக்கிறியள்?"

திரையில் நாகேந்திரம் சிரித்தார். "எரிச்சலும் சேந்து பதியுது அருந்ததி. எம்பசிக்காரன் கேட்டா என்ன சொல்லுறது?"

"மாப்பிள்ளையின்ரை அண்ணிக்கு விசர் எண்டு சொல்லுங்கோ."

அறையில் இருந்த அருந்ததி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சபாவின் கை ஸ்பீக்கர் வயரிலேயே உறைந்து நின்றது.

"நீங்கதானா கமெரா பிடிச்சது?" இஸ்ஸதீன் கேட்டார்.

"ஓம் சேர். பொய்க் கலியாணம். இவரின்ரை தம்பி கனடாவிலை. அகதியாப் போனவர், இஞ்ச வரேலாது. தம்பியும் இவரும் ஒரே அச்சு. இவள் தம்பியின்ரை பெண்சாதி எண்டு விசா எடுக்கிறதுக்கு ஒரு கலியாண வீடியோ வேணும். அதுக்குத்தான் இவர் நிண்டவர். பொலீசிட்டை இதை என்னெண்டு சொல்லுறது? அதுதான் போடாதேங்கோ எண்டனான்."

"பொய்யெண்டு தெரிஞ்சுமா மூணு நாள் கதைக்கல்ல?"

"முடிச்சு உண்மையா விழுந்தது சேர்."

இஸ்ஸதீன் மெதுவாகத் திரும்பினார்.

"தம்பி சபா. என்ட வீட்டுலயும் ஒரு கம்ப்யூட்டர் ஈக்கி. ட்ரைவ் பழுதெண்டு ஒருத்தன் வந்தான். வயரக் கழட்டிப் பாத்தான். வேற சீடி போட்டுப் பாத்தான். வேற ட்ரைவ் பூட்டிப் பாத்தான். அதுக்குப் பொறகுதான் லென்சுக்கு வந்தான். நீங்க ஒண்டையும் பாக்கல்ல. நேரா லென்ஸ்."

"பூசைக்கு... எல்லாத்திலையும் சந்தனம் பூசியிருக்கே சேர். ஆருக்கும் விளங்கும்."

"எல்லாத்துலயும் ஈக்கி. ட்ரைவ் முகத்துல மட்டும் இல்ல. யாரோ வழிச்சுத் துடைச்சீக்காங்க. மகள், அதுல பொட்டு வெச்சதா?"

"வைச்சனான்," என்றாள் அருந்ததி. "தட்டு மூடுற இடத்திலை, நடுவிலை. பெரிய பொட்டு."

"வெளிய இல்லாத சந்தனம் உள்ளுக்கு ஈக்கெண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்ச? ட்ரைவ் ஓடல்லெண்டு அவரு ஒங்களத்தான் கூப்பிட்டீக்காரு. நேத்துப் பின்னேரமும் நீங்கதான் துடைச்ச. அரைகுறையாத் துடைச்ச. ஓடுதா எண்டு பாக்க, கைக்குக் கிடைச்ச சீடியப் போட்ட. சத்தமில்லாமப் படம் ஒருக்கா ஓடிட்டு நிண்ட."

சபாவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. அவன் மெற்றில்டாவையே பார்த்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"பொய்யோ?"

மெற்றில்டா தலையைக் குனிந்தாள்.

"கேக்கிறன் மெற்றில்டா. அது பொய்யோ?"

"அங்க போய், பேப்பர் கிடைச்சதும் டிவோர்ஸ் எடுத்துட்டு உங்களக் கூப்பிடத்தான்..." அவளுடைய குரல் உடைந்தது. "அண்ணைதான் பிளானே போட்டவர். சபாவும் நீயும் எங்கயாவது நல்லா இருங்கோ எண்டு."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா விடுவீங்களா? பஸ்ஸில பக்கத்துல ஒரு ஆம்பிள இருந்தாலே இறங்கி வா எண்டு நிக்கிற ஆள் நீங்க."

வெளியே கல்கிசை ரயில் போனது. கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது.

"அவரிட்டைக் கேட்டனான் சேர்," என்றான் சபா. தரையில் இருந்த கறையிடம் சொல்வதுபோல. "இது என்னெண்டு கேட்டனான். அவர் சிரிச்சவர். 'உனக்குப் பிறகு விளங்கும் தம்பி' எண்டு சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பினவர். அந்தச் சிரிப்பு... ஸ்டாண்ட் கைக்குக் கிட்ட நிண்டது."

"சீடிய ஏன் எடுத்துட்டுப் போகல்ல?"

"இருக்கட்டும் எண்டு விட்டனான். பொலீஸ் கண்டால் இந்த அக்காவிலை சந்தேகம் வரும்."

அருந்ததி அவனைப் பார்த்தாள். நெடுநேரம். திட்டுவாள் என்று சுனில் எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை.

"எரிச்சல் எனக்கும் வந்தது தம்பி," என்றாள். "நான் சோறு சமைக்காமல் விட்டனான்."

சுனில் விலங்கை மாட்டினான். சபா மெற்றில்டாவைக் கடந்து போனான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இஸ்ஸதீன் சீடியை உறையில் போட்டார்.

"சேர்," மெற்றில்டா தயங்கினாள். "எங்களையும் பிடிப்பீங்களா? அந்தப் பொய்க் கலியாணத்துக்கு?"

"நான் கொலைக்கு வந்த ஆள். ஆனா கோட்டுல இந்தப் படம் ஓடும். கனடாவ மறந்துருங்க."

அருந்ததி எழுந்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த சீடி எனக்கு வேணும் சேர். அவர் வாழ்க்கை முழுக்கக் கமெராவுக்குப் பின்னால நிண்ட மனுசன். அவர் சிரிக்கிற படம் எண்டு வேறை ஒண்டும் என்னட்டை இல்லை."

இஸ்ஸதீன் கையில் இருந்த உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"சாட்சிப் பொருள் மகள். வழக்கு முடியாமத் தரேலா. வேணுமெண்டா கோட்டுல கேட்டு ஒரு கொப்பி எடுத்துத் தாரேன்."

"காணும், அது போதும்."

வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி மெற்றில்டாவை மேலிருந்து கீழே ஒரு தடவை அளந்தாள்.

"கொப்பி எடுக்கேக்கை, உவளை மட்டும் வெட்டிப்போட்டு எடுங்கோ!"