மூன்று முறை கொல்லப்பட்ட தூதர்

கொல்லப்பட்ட தூதர் அதிவீரராமன் நான்காவது இட்லியை முடித்துவிட்டு, சட்னியில் காரம் போதவில்லை என்றார்.

“போன தடவ என் நினைவு நாளுக்கு நல்லா இருந்துச்சே. சமையலுக்கு ஆள மாத்திட்டாவளா?”

“தெரியல சார், கேட்டுச் சொல்லுதேன்” என்றாள் ஜெசிந்தா. கேட்க வேண்டியவற்றின் வரிசையில் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

தூத்துக்குடியில் இருந்த வெளிக்கோள் உறவுத்துறைத் தலைமையகத்தில் இது ஆண்டுதோறும் நடப்பதுதான். அயல்மண்ணில் பணியாற்றுகையில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை அன்று காலை வாசிப்பார்கள். கொல்லப்பட்டவர்களில் நடமாடக்கூடியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

நினைவுச் சுவரின் முதல் பதினோரு பெயர்களும் கப்பலேறி நிலவுக்குப் போய்த் திரும்பாதவர்களுடையவை. அதற்குப் பிறகு பதிலுடல் வந்தது. தூதர் தூத்துக்குடியில் ஒரு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நிலவில், கரும்பள்ளம் நகரத்துத் தூதரகத்தில், அவருடைய பதிலுடல் கண் திறக்கும். அதன் வழியாகப் பார்ப்பார், பேசுவார், கைகுலுக்குவார். பூமியிலிருந்து பதில் போய்ச் சேர இரண்டரை நொடி ஆகும். நிலவுக்காரர்கள் அதைத் தாமதம் என்று சொல்வதில்லை. பூமித் தூதர்கள் யோசித்துப் பேசுகிறவர்கள் என்பார்கள்.

பதிலுடலை உடைத்தால் பொருட்சேதம் என்று வழக்கு முடிந்துவிடக் கூடாதே என்று இரு அரசுகளும் ஒரு சட்டம் செய்தன: பதிலுடல் இருக்கும் இடமே தூதர் இருக்கும் இடம், அதற்கு நேர்ந்தது அவருக்கு நேர்ந்தது. அந்தச் சட்டப்படி அதிவீரராமன் ஏற்கெனவே இரண்டு முறை கொல்லப்பட்டிருந்தார். சுவரில் அவருக்கு இரண்டு வரிகள் இருந்தன. இன்று மூன்றாவது வரி.

அந்த மூன்றாவது சாவைப் பற்றித்தான் ஜெசிந்தா ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மரபுமுறைப் பிரிவில் இளநிலை எழுத்தர். நினைவு நாளில் பெயர்களை வாசிப்பதும் அவள் வேலை. மாலைச் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வகுப்பு முடிந்து வந்ததும் அன்று நடந்ததையெல்லாம் வரிசை எண் போட்டு நோட்டில் எழுதுவாள். கடைசியில் தவறாமல் ஒரு வரி சேர்ப்பாள்: ‘நான் புரிந்துகொண்டது தப்பாகவும் இருக்கலாம்.’

நினைவு நாளுக்காகக் கோப்புகளை எடுத்தபோதுதான் ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு கோப்புகளை அடுத்தடுத்துப் படித்தாள். பதினோரு மாதங்களுக்கு முன், தண்ணீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் கரும்பள்ளம் தூதரக வாசலில் இரண்டு வெடிகள் வைத்தார்கள். முதல் வெடியில் கூரை சரிந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். சுலைஹா என்ற முப்பத்தொரு வயதுப் பெண் மட்டும் உள்ளே திரும்பிப் போனாள். அவள் நிலவிலேயே பிறந்தவள். தூதரின் பதிலுடலைத் துடைத்து, உடுத்தி, மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்த உடலைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தாள். இரண்டாவது வெடி வாசலில் இருந்தது.

தூதரின் கோப்பில், ‘தூதர் கொல்லப்பட்டார்’ என்று இருந்தது. சுலைஹாவின் கோப்பில், ‘தளவாடம் ஒன்றை மீட்கும்போது நேர்ந்த விபத்து’ என்று இருந்தது.

ஜெசிந்தா இரண்டு கோப்புகளையும் தூக்கிக்கொண்டு பிரிவு அலுவலர் கோமதிநாயகத்திடம் போனாள்.

“சார், ஒரே உடம்பு. ஐயா கோப்புல அது தூதர். இந்தப் பொண்ணு கோப்புல தளவாடம். ரெண்டுல ஒண்ணு தப்பு சார்.”

“ரெண்டும் சரிதான். கோப்பு வேற வேறல்லா?”

“அது தூதர்னா, இவ தூதரக் காப்பாத்தப் போயிச் செத்திருக்கா. இவ பேரும் சுவர்ல வரணும்.”

“ஏ பிள்ள, ரெண்டு வருசம் ராத்திரிப் பள்ளிக்கூடம் போனா நீ ஜட்ஜா? சட்டம் என்ன சொல்லுது? அயல்மண்ணுல கொல்லப்பட்டிருக்கணும். அவ நிலவுல பொறந்தவ. அவ ஊர்லயே அவ செத்தா. அதெப்படி அயல்மண்ணு?”

“ஐயா நம்ம ஊரு நாற்காலியிலதான சார் இருந்தாவ?”

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒனக்கு நல்ல வேல கெடச்சிருக்கு. அதக் கெடுத்துக்கிடாத.”

செத்தவள் அயலில் இல்லை. அயலில் இருந்தவர் சாகவில்லை. சட்டப்படி இரண்டும் சரியாக இருந்தன. அன்றும் ஜெசிந்தா நோட்டில் வழக்கமான கடைசி வரியை எழுதினாள்.

அடுத்த வாரம் நிலவிலிருந்து அழைப்பு வந்தது. சுலைஹாவின் தாய் பாத்துமுத்து. தூத்துக்குடியிலிருந்து வேலைக்குப் போன குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. ஊர்ப் பேச்சு மாறவில்லை.

“எம் மவ பேர வாசிப்பியளா தாயி? வாசிச்சா இங்கன பாப்போம். இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. வீணா டிவி முன்னால ஒக்கார வைக்காதிய.”

விசாரித்துச் சொல்கிறேன் என்றுதான் ஜெசிந்தா வாயைத் திறந்தாள். “வாசிப்பேன்மா” என்று வந்தது.

சொன்ன பிறகுதான் வழி தேடினாள். சுவருக்கென்று ஒரு பழைய விதிநூல் இருந்தது. முதல் பதினோரு பேரோடு வேலை செய்தவர்கள் எழுதியது. அலுவலகத்தின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருந்திருக்காது போலும். ஒன்பதாம் விதி இப்படிச் சொன்னது: ‘பெயர் வாசிக்கப்பட்டதும் அவையினர் அனைவரும் எழுந்து நின்றால் அப்பெயர் கல்லில் ஏறும். ஒருவர் அமர்ந்தே இருந்தாலும் ஏறாது. தன் பெயருக்கு மட்டும் ஒருவர் எழ வேண்டியதில்லை.’ இப்போது கல்லில் பெயர் ஏற்றும் வேலையைச் செதுக்கி என்ற பொறி பார்த்தது. அதற்குத் தெரிந்தது அந்த விதி மட்டும்தான். கோமதிநாயகத்தைத் தெரியாது.

விதியை நோட்டில் எழுதினாள். அன்று அதன் கீழே வழக்கமான வரியை எழுதவில்லை.

பத்து மணிக்கு அவை நிறைந்தது. அமைச்சர்கள், செயலர்கள், பிற நாட்டுத் தூதர்கள் என்று நாற்பது பேர், நாற்பத்தொன்றாவதாக அதிவீரராமன். ஜெசிந்தா மேடையேறி வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அவை எழுந்து உட்கார்ந்தது.

“அதிவீரராமன், கரும்பள்ளம்.”

நாற்பது பேரும் எழுந்தார்கள். அவர் மட்டும் உட்கார்ந்தபடி தலையைத் தாழ்த்திக்கொண்டார். செதுக்கி அவருடைய மூன்றாவது வரியைக் கல்லில் பொறித்தது.

பட்டியல் அதோடு முடிந்தது. ஓரத்தில் நின்ற கோமதிநாயகம், இறங்கு என்று கையைக் காட்டினார். ஜெசிந்தா இறங்கவில்லை. ஒருவர் உட்கார்ந்தே இருந்தால் போதும். பெயரும் போகும், வேலையும் போகும். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

“சுலைஹா. கரும்பள்ளம்.”

நாற்பது பேரும் சட்டென்று எழுந்தார்கள். ஒருவர் முகத்திலும் திகைப்பில்லை. நாற்பது தலைகள் ஒன்றாகத் தாழ்ந்தன.

அதிவீரராமன் எழவில்லை.

செதுக்கி கையை உயர்த்தியபடி காத்திருந்தது. கோமதிநாயகம் அவரைப் பார்த்து, உட்காருங்கள், உட்காருங்கள் என்பதுபோல் உள்ளங்கையை அமுக்கினார். ஜெசிந்தாவும் அவரையே பார்த்தாள், கெஞ்சவில்லை. அந்தப் பெயரை இன்னொரு முறை, முன்னைவிட உரக்கச் சொன்னாள்.

“சுலைஹா!”

அவர் நாற்காலிக் கையைப் பிடித்தார். ஒரு முட்டி மடங்கியது. வலியில் முகம் கோணியது. பக்கத்து இருக்கையில் ஊன்றி மெல்ல எழுந்து நின்றார்.

செதுக்கி இறங்கியது. கல்தூள் பறந்தது.

கூட்டம் முடிந்ததும் கோமதிநாயகம் அவளைத் தூண் மறைவுக்கு இழுத்தார். “என்ன காரியம் பண்ணிட்ட! இப்பவே அத அழிக்கச் சொல்லப்போறேன்.”

“அவையே எந்திரிச்சு நின்னுச்சே சார். மந்திரியெல்லாம் நின்னாவ.”

“எங்க நின்னாவ?” பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “நாப்பதும் பதிலுடல், மண்டு! உள்ள ஒருத்தர் கெடையாது. மரியாதை நிலையில போட்டு அனுப்பிட்டு அவங்கவங்க வேலையப் பாக்காவ. நீ தேங்கா பத்தைன்னு வாசிச்சாலும் அது எந்திரிச்சுக் கும்பிடும். நெசமா வந்தது ஐயா மட்டுந்தான். அதுவும் புது உடம்பு இன்னும் வந்து சேரலன்னு.”

ஜெசிந்தா நோட்டைத் திறந்து ஒரு வெற்றுத்தாளைக் கிழித்து அவரிடம் நீட்டினாள்.

“அப்போ அத எழுதிக் குடுங்க சார். பதிலுடல் இருக்க எடத்துல ஆளு இல்லன்னு. இன்னைக்கு அவைக்கு ஐயாவத் தவிர ஒருத்தரும் வரலன்னு. நீங்க கையெழுத்துப் போடுங்க, நானே அழிக்கச் சொல்லுதேன். ஆனா அப்படின்னா ஐயாவோட மூணு வரியும் அழியும்.”

அவர் தாளை வாங்கவில்லை. அதற்குள் பெரியவர்களின் அலுவலகங்களிலிருந்து நன்றிக் கடிதங்கள் வந்து விழ ஆரம்பித்தன. நாற்பதும் ஒரே வாக்கியம்: ‘வாசிக்கப்பட்ட ஒவ்வொரு பெயரும் நெஞ்சை உலுக்கியது.’ ஜெசிந்தா அவற்றை வரிசை எண் போட்டுச் சுலைஹாவின் கோப்பில், ‘அவையின் எழுத்துபூர்வ ஒப்புதல்’ என்ற தலைப்பில் சேர்த்தாள்.

பாத்துமுத்து அழைத்தபோது அதிவீரராமனும் கூடத்தில் இருந்தார். திரையில் அந்த அம்மாளின் கண்கள் சிவந்திருந்தன.

“பாத்தேன் தாயி. கல்லுல ஏறிட்டு.”

“எல்லாரும் எந்திரிச்சு நின்னாவம்மா” என்றாள் ஜெசிந்தா.

இரண்டரை நொடி கழித்துச் சிரிப்பு வந்தது. “எங்கிட்டயா? முப்பது வருசம் உடம்பு தொடச்சவ நான். நாப்பது பேரும் ஒண்ணா எந்திரிச்சா உள்ள ஆளில்லன்னு அர்த்தம். முட்டு வலி இல்லாத மந்திரி எந்த ஊர்ல இருக்கான்? கடைசியா ஒருத்தர் தட்டுத் தடுமாறி எந்திரிச்சாரு பாருங்க, அவருதான் ஆளு. யாரு அவரு?”

அதிவீரராமன் திரைக்கு முன் வந்தார்.

“நாந்தாம்மா, தூதர். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மொத வெடியிலேயே நான் இணைப்ப அத்துக்கிட்டு வந்துட்டேன். உங்க மவளுக்கு அது தெரியாது. நான் உள்ள இருக்கேன்னு நெனச்சுத்தான் தூக்கியிருக்கா.”

பதினோரு மாதமாக அவர் தமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். விசாரணை அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

பதில் வந்தது.

“தெரியாதா? தோள ரெண்டு தட்டு தட்டி, ‘ஐயா, உள்ள இருக்கியளா’ன்னு கேக்காம அவ எந்த உடம்பயும் தொட்டதில்ல. நான் பழக்கின வேல அது. வெறும் உடம்புன்னு தெரிஞ்சுதான் தூக்கியிருக்கா. நீங்க திரும்பி வருவியன்னு நெனச்சிருப்பா. வந்தா நிக்கதுக்கு ஒரு உடம்பு வேணும்லா?”

அதிவீரராமன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இரண்டரை நொடி ஆயிற்று. இன்னும் இரண்டரை நொடி ஆயிற்று. யோசித்துப் பேசுகிறவர் என்று நிலவில் பெயர் வாங்கிய மனிதர் அசையாமல் நின்றார்.

திரையில் பாத்துமுத்து முன்னால் சாய்ந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். விரலால் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“ஐயா, உள்ள இருக்கியளா?”