லீவு எடுத்த காயின்

வீல்ல்ல்ல்...!

தூத்துக்குடியின் அந்த மக்ரூன் கடையே அதிர்ந்தது.

அலறியது மனிதர் அல்ல. சிவப்பிரகாஷின் செல்போன்!

"ஸ்கேனர், அண்ணாச்சி. உலகத்துல எந்தக் கிரிப்டோ காயின் திடீர்னு ஏறினாலும், வியாபாரம் கூடினாலும் கத்திரும். இப்ப நம்ம பேர்ல் காயின் ஏறுது."

சிவப்பிரகாஷ். தூத்துக்குடி வெயிலிலும் கோட்டு. விசிட்டிங் கார்டில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். பேர்ல் காயினை துபாயும் சுவிட்சர்லாந்தும் முட்டி மோதி வாங்குவதாக மாதக்கணக்கில் ஓதி வந்தான்.

கடைக்காரர் ஆறுமுகநயினார் சொக்கிப் போனார். கடையை விற்கும் அக்ரிமெண்ட் மேஜையில் தயார். வரும் பணம் மொத்தமும் காயினுக்கு! வாங்குவதற்கான செயலியைக்கூட அவர் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

கையெழுத்துதான் பாக்கி...

பேனா மூடி திறந்தது.

"ஒரு நிமிஷம், அண்ணாச்சி."

அரைக்கிலோ மக்ரூனுக்குக் காத்திருந்த பெண்மணி. "தம்பி, அந்த ஸ்கேனர்ல பழைய நிலவரமும் தெரியுமா?"

பெருமை யாரை விட்டது? வரைபடம் முழுவதையும் விரித்துக் காட்டினான்.

அவள் மக்ரூனைக் கடித்தபடி பார்த்தாள். "காயின் சந்தைக்கு லீவே கிடையாதுன்னு சொல்லுதாவ. இது மட்டும் ஞாயித்துக்கிழமையானா படுத்துருதே?"

"அது... கரெக்‌ஷன், மேடம்."

"ஆகஸ்ட் அஞ்சாம் தேதியும் ஒருத்தன் வாங்கல. அன்னைக்குப் பனிமய மாதா திருவிழா. நம்ம ஜில்லாவுக்கு லோக்கல் லீவு. துபாய்க்காரனுக்குமா லீவு விட்டாவ?"

கோட்டுக்குள் தாமிரபரணி உடைப்பெடுத்தது.

அவள் கைப்பையிலிருந்து அடையாள அட்டை வெளிப்பட்டது. இன்ஸ்பெக்டர் முருகேஸ்வரி, சைபர் க்ரைம்! அண்ணாச்சியின் மனைவி முத்துக்கனி காலையிலேயே புகார் கொடுத்திருந்தாள். பீச் ரோட்டில் இருந்த அவன் ஆபீசுக்கு ஏற்கெனவே ஆள் போயாயிற்று.

முருகேஸ்வரியின் போன் ஸ்பீக்கரில் கான்ஸ்டபிள் வந்தார். மாடி அறையில் பிலோமி என்ற பெண் பிடிபட்டிருந்தாள். மேஜை நிறைய போன்கள். ஒன்றில் விற்பாள்... அடுத்ததில் அவளே வாங்குவாள். துபாய், சுவிட்சர்லாந்து எல்லாம் அவள் பத்து விரல்கள்தான்!

சிவப்பிரகாஷ் போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். "ஏளா, லீவு போட்டா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"ஞாயிறும் மாதா திருவிழாவும் லீவுன்னு பேசித்தானே சார் வேலைக்குச் சேந்தேன்?" ஸ்பீக்கரில் பிலோமியின் குரல்.

அண்ணாச்சி அக்ரிமெண்ட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார். கடை தப்பியது!

சிவப்பிரகாஷின் கையில் விலங்கு. அவன் போன் முருகேஸ்வரியின் கையில்.

வீல்ல்ல்ல்...!

பேர்ல் காயின் மறுபடி ஏறுகிறது!

பிலோமியிடம் போன் இல்லை. இவனிடமும் இல்லை. அப்படியானால்... வாங்குவது யார்?

முருகேஸ்வரி மெல்லத் திரும்பினாள்.

மக்ரூன் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம். ஆறுமுகநயினார் அவசரமாகப் போனை மறைத்தார்.

"விலை தரையில கிடக்கேன்னு... ஐநூறு ரூவாய்க்குத்தான் தாயி. முத்துக்கனிட்ட சொல்லிராதிய."

செத்த காயினுக்கு ஐநூறு ரூபாயே மலை.

சிவப்பிரகாஷின் கண்கள் கலங்கின.

"அந்தக் காயினை வெளியாள் வாங்கினதே இல்ல, மேடம். என் ஸ்கேனர் இன்னைக்குத்தான் முத தடவையா உண்மையச் சொல்லியிருக்கு!"