உறை வாங்கிய கணினி

"கொஞ்சம் உறை குடுங்கக்கா" என்று சுகிர்தா மடிக்கணினியை நீட்டியதும், எதிர்வீட்டு ஜெசிந்தா தன் கணினியை எடுத்துவந்து அதை ஒட்டி வைத்தாள். உறை கேட்டு வந்தவர்களிடம் ஏன், எதற்கு என்று விசாரிக்கும் வழக்கம் அந்த அடுக்ககத்தில் இல்லை.

காலப்போக்கில் கணினியில் வட்டு செருகும் இடம் முதலில் போனது. பிறகு எல்லாத் துளைகளும் போய், அது வழவழவென்று ஒரு பலகையாகிவிட்டது. புதிய இயங்குதளம் வேண்டுமானால், அது ஏற்கெனவே ஓடும் கணினி ஒன்றின் பக்கத்தில் வைக்க வேண்டும். பாலில் விட்ட மோர்போல, சாயங்காலத்துக்குள் தானாகத் தோய்ந்துவிடும். அதனால்தான் அதற்கு உறைதளம் என்று பெயர்.

சுகிர்தா இத்தனை நாள் பழைய தளத்தையே கட்டிக்கொண்டு அழுதவள். இனி முடியாது. நாளைக்கு வழக்கு. உறைதளத்தில் இருக்கும் பதிவைத்தான் நீதிமன்றம் ஏற்கும்.

அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு ஒலிப்பதிவு. ஏழாவது மாடியில் லிஃப்ட் வராமலேயே கதவு திறந்துகொள்கிறது என்று அவள் கணவர் பரஞ்சோதி, குடியிருப்போர் சங்கச் செயலரிடம் போனில் மன்றாடியது. அடுத்த வாரமே அந்தக் கதவு வழியாக அவரே விழுந்து இறந்தார். அவர்தான் கதவை நெம்பினார் என்று சங்கம் சாதித்தது. எல்லார் கணினிக்கும் அப்படியே செய்தியும் அனுப்பியது.

"அவரோட பதிவு அழிஞ்சிடாதேக்கா?"

"சீச்சீ. என்னுது ஒண்ணுகூடப் போகல சுகி."

சாயங்காலம் தளம் தோய்ந்திருந்தது. பதிவும் இருந்தது. சுகிர்தா நிம்மதியாக அதைத் தட்டினாள்.

அதே குரல். நடுவில் அதே வறட்டு இருமல். "ஏழாவது மாடில கதவு நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் அவசரத்துல இழுத்துட்டேன்."

அவள் மறுபடி தட்டிக் கேட்டாள். அதே வார்த்தைகள்தான். திரையின் ஓரத்தில் ஒரு வரி தெரிந்தது: 'அண்டைக் கணினிகளின் விவரத்தோடு முரண்பட்ட ஒரு பதிவு சரிசெய்யப்பட்டது.' முன்பே பிரதி எடுத்து வைத்திருக்கலாம் என்றால், கணினியில் துளை ஏது?

எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, முட்டி வலியோட மாசக்கணக்கா மாடிப்படி ஏறினீங்களே. அந்த லிஃப்டுக்குப் பயந்துதானே? நாளைக்குக் கோர்ட்ல வந்து அதைச் சொல்லுங்கக்கா!"

ஜெசிந்தா நெற்றியைச் சுருக்கினாள். கணினியைத் திறந்து தன் நாட்குறிப்பைப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு ஏறினேன்டி. இதோ, நானே எழுதியிருக்கேன் பாரு."

அவள் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னாள். சுகிர்தாவுக்குப் பயம் பிடித்ததே அதனால்தான்.

வீட்டுக்கு வந்து, எங்கேயாவது ஒட்டுப்போட்ட தடம் தெரிகிறதா என்று பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். தெரியவில்லை. சரி, நீதிபதியிடம் வாயாலேயே சொல்லிவிடுவோம் என்று, கணவர் முன்பு சொன்னதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பாதிக்குமேல் வரவில்லை. புதிய வார்த்தைகள்தான் அவர் குரலிலேயே வந்து நின்றன.

எப்போதுமே அவசரக்காரர்தானே அவர் என்று தோன்றியது. தோன்றிய மறுகணம் பதறிப்போய்க் கணினியை அறைந்து மூடினாள். மூடிய பிறகும் அந்த நினைப்பு போகவில்லை.