பூஜையன்று நிறுத்தாத மெஷின்

லேப் கதவைத் திறந்ததும் சரண்யாவுக்கு முதலில் உறுத்தியது அந்தச் சத்தம்தான். த்ரீ டி பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பே பாதிக்கு மேல் தீர்ந்திருந்த பிளாஸ்டிக் இழைச் சுருள் இத்தனை நாள் தாங்கியிருக்க வழியே இல்லை.

அடுத்தது நாற்றம். கோட்டூர்புரத்தில் ஜன்னலைத் திறந்தால் அடையாற்று வாடை வருவது சகஜம், அவள் மூக்குக்கு அது பழகிவிட்டது. இது வேறு. அழுகிய வாழைப்பழமும், ஊறிப்போன பொரியும், பல் தேய்க்காத ஒருவர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டது போன்ற வெதுவெதுப்பும் கலந்து தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. பிரசாதத்தைக்கூட எடுத்துப் போடாமல் போயிருக்கிறாரே என்று அட்டெண்டர் கோதண்டபாணி மேல் எரிச்சலாக வந்தது.

பூஜையன்று பிரிண்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தவர் அவர்தான்.

"பொட்டு வச்ச மெஷினை இன்னிக்கு ஓட்டக்கூடாது மேடம். நாளைக்குப் போட்டுக்கலாம்."

அவளால் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது. விடுமுறை முடிந்த அன்றே ஆய்வுக் குழு வருகிறது. மனிதத் தாடை ஒன்றை முழுசாக அச்சிட்டுக் காட்டினால்தான் அவளுடைய ஒப்பந்த வேலை நீடிக்கும் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். மாதிரிக்கு ஆள் தேடி அலையாமல், கோதண்டபாணியையே உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி ஸ்கேன் செய்திருந்தாள்.

"எது தீர்ந்தாலும் நீங்களே எதையாவது போட்டுச் சமாளிங்க. மெஷின் மட்டும் நிக்கவே கூடாது" என்றாள்.

"வூடு தூரம் மேடம். நான் இங்கயே படுத்துக்கினு பாத்துக்கறேன்" என்றார் அவர்.

பிரிண்டரின் கண்ணாடி வியர்த்திருந்தது. வெளியே துடைத்துப் பார்த்தாள். ஈரம் உள்பக்கம். மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தாள்.

தட்டில் கீழ்த்தாடை. வெள்ளை பிளாஸ்டிக்காக இருக்க வேண்டியது, சிவப்பாக, பளபளவென்று இருந்தது. பல்லிடுக்கில் பாக்குக் கறை. அவள் ஸ்கேனரில் நிறமே பதியாது. ஓர் ஈ வந்து ஈறின் மேல் உட்கார்ந்தது.

ஈறு சுருங்கியது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். நிற்கவில்லை.

சுருள் காலி. ஆனால் இழை உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஈரமாக. இடியாப்பம் மாதிரி மெல்லிசாக. மேசைக்கு அடியிலிருந்து.

குனிந்தாள்.

கோதண்டபாணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயை மூடித் துண்டு. நெஞ்சு ஏறி இறங்கியது. இழை துண்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

"அண்ணே..."

துண்டு நழுவியது. மேல்வரிசைப் பற்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. நாக்கு மட்டும், தாங்க இடமில்லாமல், தொண்டைக் குழிமேல் தொங்கியது. அதன் நுனிதான் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. கண்கள் எப்போதும் போல அவளைப் பணிவோடு பார்த்தன.

பதில் அவள் தலைக்கு மேலே, தட்டிலிருந்து வந்தது. அவர் குரலில்.

"நிக்கவே வுடல மேடம். எங்கிட்ட இருந்தது தீந்துடுச்சு. மேல்தாடை மட்டும் இன்னும் அடிக்க பாக்கி கீது."

இழையின் முனை அவரிடமிருந்து கழன்றது. தரையில் கொஞ்சம் துழாவியது. பிறகு அவள் பக்கம் திரும்பி நிமிர்ந்தது.

அவளுடைய முன்பல் ஒன்று லேசாக ஆடியது.