கிணற்றில் ஏறிய பெருக்கு

கடல் வற்றியிருந்தது, கிணறு வற்றவில்லை.

உதயகலா வாளியை விட்ட உடனேயே அது தண்ணீரில் விழுந்தது. கயிற்றில் பாதிக்கு மேல் அவள் காலடியில் சுருண்டு கிடந்தது. எட்டிப் பார்த்தாள். விடியற்காலை வெளிச்சத்தில் தண்ணீர், இருக்கவேண்டிய இடத்துக்கு மூன்று கல்வரி மேலே, அசையாமல் நின்றது. கீரிமலைப் பக்கத்தில் கடலிலிருந்து இருநூறு யார் தூரம் தள்ளி வீடு வைத்திருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அங்கே கிணறும் கடலும் ஒன்றாகத்தான் மூச்சுவிடும். கடல் பெருகி ஒரு மணித்தியாலத்தில் கிணறு ஏறும், கடல் வற்றினால் அதே மாதிரி இறங்கும். நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். பெருக்கும் வற்றும் உள்ளே போய்ப் போய் வந்து அதைக் குடைந்து வைத்திருக்கின்றன என்று, போத்தல்களில் தண்ணீர் எடுக்க வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒருமுறை சொல்லியிருந்தார்கள். அவள் புருஷன் சிவரூபனுக்கு இதைச் சொல்ல ஒருவரும் வரவேண்டியிருக்கவில்லை. கடல் தொழிலுக்குப் போகுமுன் அவன் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பான். அந்தப் பழக்கம் அவளுக்கும் தொற்றி, அவன் போய் எட்டு மாதமாகியும் விடவில்லை.

சரிபார்க்க அவள் ஒழுங்கையால் நடந்து கரைக்குப் போனாள். முந்தின நாள் பறுவம், முழு நிலா. கடல் வழக்கத்தைவிடத் தூரம் போயிருந்தது. கரையோரப் பாறை நீளத்துக்கு வெளியே தெரிந்தது. அதன் குழிகளில் தங்கிவிட்ட தண்ணீரில் குஞ்சு மீன்கள் போக வழியில்லாமல் சுற்றின, நண்டுகள் பாசியைச் சுரண்டித் தின்றன, இரண்டு கொக்குகள் அவசரமில்லாமல் ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு வந்தன, கரை ஒதுங்கிய சாதாளைக் கடற்புல் வெயில் படுமுன்பே மணக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஆறு மணித்தியாலத்தில் தண்ணீர் வந்து பாறையையும் குழிகளையும் ஒன்றாக்கும். பிறகு திரும்பவும் பிரிக்கும். உலகம் தொடங்கிய நாளிலிருந்து கடலுக்கு இதுதான் வேலை. கொண்டுபோன மனிசனைத் திருப்பித் தருவது அதன் வேலை இல்லைப் போலும்.

வீட்டுக்கு வந்தபோதும் கிணறு அப்படியே நின்றது. மகள் நிவேதனா பள்ளிக்கூடச் சட்டையோடு வாளிக்குள் குனிந்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏன் தண்ணி மணக்குது?"

"கடல் ஏறியிருக்கு. உதிலை முகம் கழுவாதை. பவுசர் லொறியிலை வந்த தண்ணி கிடக்கு, அதை எடு."

"கடல் மணம் இல்லையம்மா. எரிஞ்ச மணம்."

மகள் போனபிறகு உதயகலா மணந்து பார்த்தாள். ஓம். உப்பு, பாசி, அதற்கடியில் தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் மணம்.

மூன்றாம் நாள் வாளியில் ஒரு ஓராக் குஞ்சு வந்தது. விரலளவுதான், உயிரோடு. கடல் மீன், இருநூறு யார் கல்லுக்கடியால் இருட்டில் நீந்தி, அவள் வீட்டு வாளிக்குள். அவளுக்கு அப்போது வந்தது பயம் இல்லை, ஆசை. வெட்கமில்லாத ஆசை. ஒரு மீன் வரலாம் என்றால் என்று தொடங்கிய நினைப்பை அவள் முடிக்கவில்லை. முடிக்காமலே அன்று பின்னேரம் வாளியைத் தண்ணீருக்குள் விட்டு, கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு உள்ளே போனாள். சிவரூபனின் படகு கார்த்திகைப் புயலுக்குப் பிறகு காங்கேசன்துறைப் பக்கம் கவிழ்ந்து ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. பிரேதத்தைக் காணாத பெண்ணின் மனம் எந்தப் பொந்துக்குள்ளும் கையை விட்டுப் பார்க்கும்.

காலையில் கயிறு நனைந்திருந்தது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, இரண்டு முழம். அடுத்த காலை மூன்று முழம். தண்ணீர் ஏறி நனைத்திருந்தால் கிணற்றுக் கல்லும் நனைந்திருக்கவேண்டும். கல் காய்ந்திருந்தது.

எட்டாம் நாள் வாளியோடு புல் வந்தது. சாதாளை என்றுதான் முதலில் நினைத்தாள். விரலால் பிரித்தபோது அது நீளமாக, மஞ்சளாக, விறைப்பாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு புல்லை ஒன்றாக முறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு நுனி கருகியிருந்தது. கிணற்றடியிலேயே இருந்துவிட்டாள். தர்ப்பை.

அந்த முடிச்சுகளைப் போடும்போது அவள் பக்கத்தில் இருந்தாள். சிவரூபன் காணாமல் போய் இரண்டு மாதம் கழித்து, அவன் அண்ணன் தம்பிஐயா வந்து, கிரியை செய்யாமல் விட்டால் அவன் அலைந்து திரிவான் என்று ஒரு கிழமையாக அழுதும் கெஞ்சியும் கேட்டார். பிரேதம் இல்லாவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து எரிப்பது வழக்கம். ஐயர் முற்றத்தில் குந்தியிருந்து கட்டினார். உடம்புக்கு ஒரு கட்டு, தலைக்கு ஒரு கட்டு, கால் இரண்டு. கைகளை முழங்கையோடு நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டார், நேரமாகிவிட்டது. பிறகு அவளைப் பார்த்து, "இதுதான் உம்மடை புருஷன் எண்டு மனசார நினைச்சு, ஓம் எண்டு சொல்லும் பிள்ளை" என்றார். அவள் நிமிர்ந்து கடல் பக்கம் பார்த்தாள். எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓம்" என்றாள்.

அதை எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தார்கள். அன்றிலிருந்து அவள் தன்னை மன்னிக்கவில்லை. எங்கேயாவது ஒரு தீவில், ஒரு பாறையில் மூச்சோடு கிடந்திருந்தால்? அந்த ஒரு சொல்லால் கதவைச் சாத்தியது அவள்தானே.

தம்பிஐயா வந்து புல்லைப் பார்த்தார். பிறகு தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்.

"உது எங்கையாலும் அள்ளுப்பட்டு வந்திருக்கும். எத்தினை சனம் அங்கை சடங்கு செய்யினம்."

"எரிச்சதெல்லே அத்தான். எரிச்சது எப்பிடித் திரும்பக் கட்டுப்பட்டு வரும்?"

அவர் வேலிப் படலையைச் சாத்திக்கொண்டு போனார். மறுநாள் ஒரு தகரத்தைக் கொண்டுவந்து கிணற்றை மூடி, மேலே இரண்டு கல் வைத்தார். "ஆடி அமாவாசை வருது. மகளைக் கூட்டிக்கொண்டு போறன். அவள் கையாலை எள்ளுந் தண்ணியும் இறைக்கட்டும், இந்தக் காலத்திலை ஆர் கேக்கப்போகினம். எல்லாம் அடங்கும்."

அமாவாசையன்று விடியவே இருவரும் கீரிமலைக்குப் போய்விட்டார்கள். விரதச் சமையலுக்கு உதயகலா வீட்டில் நின்றாள். சோறு, பருப்பு, அந்த நாளுக்கென்றே தேடி வாங்கும் காத்தோட்டிக்காய். எண்ணெய் கொதித்தது, ஒழுங்கையில் சனம் கதைத்துக்கொண்டு போனது, வெயில் கூரைக்கு நேர் மேலே வந்து நின்று முற்றத்தில் ஒரு சாண் நிழலும் இல்லாமல் துடைத்தது. கடல் பெருகி முடித்திருக்கும் நேரம். இனிக் கிணற்றின் முறை.

தகரம் கிணுகிணுத்தது.

அடுப்பைத் தணித்தாள். காற்று என்று சொல்லிக்கொண்டாள். வேப்பமரம் அசையவில்லை.

திரும்பவும். அடியிலிருந்து தட்டுவதுபோல், ஆனால் மெத்தென்று. எலும்பில்லாத கை தட்டினால் அப்படிக் கேட்கும். பிறகு வழுக்கும் சத்தம். தண்ணீரில் விழும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நனைந்த ஏதோ ஒன்று கல்லைத் தேய்த்துக்கொண்டு திரும்ப ஏறும் சத்தம்.

ஏறியது. தட்டியது. விழுந்தது.

ஏறியது.

படலைப் பக்கம் ஓடியிருக்கலாம். ஒழுங்கையில் சனம் இருந்தது, கூப்பிட்டால் வருவார்கள். கால் கிணற்றடிக்குப் போனது. முதல் கல்லை இறக்கினாள். இரண்டாவதை இறக்கினாள். தகரத்தை இழுத்தாள்.

உச்சி வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழுந்தது. தண்ணீர் ஒருபோதும் வராத உயரத்துக்கு வந்திருந்தது, விளிம்புக்கு ஒரு முழம் கீழே. அதில் அவள் முகம் தெரிந்தது. பக்கத்தில், கல்லோடு ஒட்டிக்கொண்டு, அது.

மஞ்சள். கறுப்பு. பாசி. தலைக்கட்டு. அதில் கண் இல்லை, வாய் இல்லை. ஆள் உயரம், கட்டியபோது அவ்வளவு இல்லை. முழங்கையோடு முடிந்த இரண்டு கைகளையும் கல்லில் ஊன்றி ஏறப் பார்த்தது. பிடிக்க விரல் இல்லை. வழுக்கியது. தண்ணீருக்குள் போனது. வந்தது. திரும்ப ஊன்றியது.

எத்தனை நாளாக.

அவள் கை தகரத்தில் இருந்தது. ஒரு இழுப்பு, இரண்டு கல், முடிந்துவிடும். இது அவன் இல்லை. அவளுக்குத் தெரியும். அவன் எங்கோ கல்லுக்கடியில் மீனும் நண்டும் தின்ற மிச்சமாகக் கிடக்கிறான், அல்லது அதுவும் இல்லை. அவன் வரவில்லை, வரப்போவதுமில்லை. வந்தது இது மட்டும்தான். நீதான் அவன் என்று அவள் சொன்னதை நம்பி, எரிந்து, கரைந்து, இருட்டுக்குள்ளால் பெருக்கோடு பெருக்காக வீடு தேடி வந்திருக்கிறது.

அழுகை வந்தது. குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வாங்கோ" என்றாள்.

கனத்தது. ஓர் ஆம்பிளையின் கனம். தண்ணீர் கொட்டக் கொட்ட அவள் அதைக் கிணற்றுக்கட்டுக்கு மேலால் இழுத்து, சீமெந்தில் இருத்தி, கொடியில் கிடந்த துவாயை எடுத்தாள். கடலால் வந்த மனிசனுக்கு முதலில் தலை துவட்டவேண்டும். தடிமன் பிடித்துவிடும். துவட்டினாள். கையோடு புல் வந்தது. கருகிய புல், முறுக்கிய புல், பிடி பிடியாக. அவள் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே துவட்டினாள்.

புல்லுக்குக் கீழே சூடாக இருந்தது.

ஒழுங்கையில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. படலை திறந்தது.

"அம்மா, நாங்கள் வந்திட்டம்!"

உதயகலா திரும்பவில்லை. அவள் கைகளுக்குள், துவாய்க்கு அடியில் இருந்த தலை, மகளின் குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பியது.